காலால் பிறந்தவள்

ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாமே நார்மல் என்று டாக்டர் சொன்னதும் தனபாலன் சிரித்த சிரிப்பைப் பார்த்துச் சீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீபாவளிச் சரக்கு ஒரு புடவைகூட மிச்சமில்லாமல் விற்றுத் தீர்ந்த வருஷத்தில்கூட அவள் புருஷன் அப்படிச் சிரித்ததில்லை.

"அப்ப ஒண்ணுமே இல்லைங்கிறீங்க," என்று நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தும் விட்டான்.

"உக்காருங்க. நான் அப்படிச் சொல்லலியே," என்றார் டாக்டர் கங்காதரன்.

மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர். நிதானமான மனிதர். சீதாவின் பிடரியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தோள்பட்டையில் அழுத்தினார், இடுப்பில் அழுத்தினார், முழங்காலின் உள்பக்கம் அழுத்தினார். பிடரியில் பல்லைக் கடித்தவள், தோளில் கண்ணை மூடியவள், முழங்காலுக்கு வந்தபோது டாக்டர் என்றும் பாராமல் அவர் கையைத் தட்டிவிட்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை. எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

இது ஃபைப்ரோசைட்டிஸ் என்கிற வியாதியாக இருக்கலாம் என்றார். வெளிநாட்டில் சிலர் இப்போது அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று புதுப்பெயர் வைக்கத் தொடங்கியிருக்கிறார்களாம். எக்ஸ்ரேயில் தெரியாது, ரத்தத்தில் தெரியாது. ஆனால் உடம்பு முழுக்க வலிக்கும், தூங்கி எழுந்தாலும் களைப்புத் தீராது. வலி கற்பனை இல்லை, நிஜம். வெந்நீரில் குளிக்க வேண்டும், மெதுவாக நடந்துவர வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, மத்தியானம் கட்டாயம் படுத்து எழ வேண்டும்.

"பேர்கூட இன்னும் முடிவாகலையா?" என்றான் தனபாலன். பெயர் சூட்டாத பிள்ளைக்கு எங்கே போய்ச் சீர் செய்வது என்பது போலிருந்தது அவன் கேட்ட தோரணை.

சீதாவுக்கோ அந்த 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. மூன்று வருஷமாக விடிந்து எழும்போதே ராத்திரி முழுக்க மூட்டை சுமந்தவள் மாதிரி எழுந்துகொண்டிருக்கிறாள். இன்று தோள் என்றால் நாளை இடுப்பு. ஒருநாள் சீப்பைப் பிடித்துத் தலை வாரக் கை எழும்பாது. வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்லியாயிற்று. வாயு என்றார்கள், சூடு என்றார்கள். மகன் பிறப்பதற்கு முன்னால் முதுகு வலித்தபோது பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றவர்கள், பிறந்த பிறகு பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எதுவும் பொருந்தாதபோது சோம்பல் என்றார்கள். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், அதை நம்பாமல் ஒரு பார்வை பார்க்கிறார்களே, அதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த வீட்டில் சோம்பலாக இருப்பதற்கு முதலில் நேரம் ஏது? தியாகராய நகர் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் கீழே தனபாலனின் ஜவுளிக்கடை, மேலே வீடு. கடையில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் உடன்குடிப் பக்கத்திலிருந்து அழைத்துவந்த ஆட்கள். சொந்த ஊர் ஆளைக் கடையில் வைத்தால் சொந்த வீட்டில்தான் சோறு போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அத்தனை பேருக்கும் மூன்று வேளையும் ஆட்டுக்கல், அம்மி, அண்டா என்று மல்லுக்கட்டுவது சீதா ஒருத்தி.

வீடு திரும்பியதும் மாமியார் பேச்சியம்மாள் முக்காலியில் கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு முழங்காலை நீவியபடி, என்ன சொன்னான் டாக்டர் என்று கேட்டாள். தனபாலன் நார்மல் என்றான். சீதா விடவில்லை, எனக்கு வியாதி இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார் என்று அந்த நீளமான பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"ஃபைப்ரோவா?" என்றான் தனபாலன். "டெரிலின், நைலக்ஸ் மாதிரியில்லா இருக்கு. மீட்டர் என்ன விலையாம்?"

சாப்பிட வந்திருந்த கடை ஆட்கள் முதலாளி சிரிக்கிறாரே என்று தாங்களும் சிரித்தார்கள். சீதா ஊற்றிக்கொண்டிருந்த குழம்புக் கரண்டியை அப்படியே சட்டியில் போட்டாள்.

பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு என்பதே அபூர்வம். "வலிக்குது வலிக்குதுன்னு சொன்னா எவன் நம்புவான்? சொல்லுதவளுக்கு வாய் வலிக்கும், அவ்வளவுதான்," என்றாள். தன் மாமியாரிடம் வாழ்ந்திருந்தால் சீதாவுக்குத் தெரிந்திருக்கும் என்று சேர்த்துக்கொண்டாள். உடன்குடியே நடுங்கும் பொம்பளையாம் அந்த மாமியார்.

சீதாவுக்கு வீம்பு வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் பாயை விரித்துப் படுத்தாள். டாக்டர் சொன்னபடிதான் செய்கிறேன், யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டே படுத்தாள். காபி எங்கே என்று கீழிருந்து குரல் வந்தது. பிறகு கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்களுக்குக் குடிக்கக் கலர் சோடா வேண்டும் என்றார்கள். பிறகு தனபாலனே மேலே வந்து, ஆட்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பகலில் படுத்தால் கடைக்கு ஆகாது என்றான். நாலாம் நாள் பாயைச் சுருட்டி வைத்தாள்.

பெண்டாட்டிமேல் அவனுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. பிரியத்தைக் காட்டும் முறைதான் பயங்கரமாக இருந்தது. பாட்டில் பாட்டிலாக டானிக் வாங்கிவந்தான், அதைக் குடித்து அவளுக்கு வயிறு இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. ஊரிலிருந்து எண்ணெய் வரவழைத்தான். அந்த நாற்றத்தோடு அவள் கீழே இறங்கியதில் பட்டுப்புடவை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். கடைசியில் மந்தைவெளியிலிருந்து வர்மம் தெரிந்தவர் என்று ஒருவரைக் கூட்டிவந்தான். அவர் சீதாவின் கையை முறுக்கிய முறுக்கில் அவளால் பத்து நாள் கொண்டைகூடப் போட முடியவில்லை. எல்லாம் செய்து பார்த்தாயிற்று, இனி நீதான் மனசு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனபாலன் கடைக்குப் போனான்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

காலையில்தான் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து மாடியேறியவள், சாயங்காலம் கட்டிலில் குப்புறக் கிடந்து முனகினாள். வீடே ஓடியது. வெந்நீர்ப் பை கொண்டுவரச் சீதா ஓடினாள், தைலம் தேய்க்கச் சீதா ஓடினாள், வேண்டாம் என்று மாமியார் தட்டிவிட்டதைத் துடைக்கவும் சீதாவே ஓடினாள். மூன்று வருஷ வலிக்கு ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை, மூன்று மணி நேர வலிக்குத் தெருவே வந்து விசாரிக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. டாக்டரைக் கூப்பிடலாமா என்று தனபாலன் கேட்டதற்குப் பேச்சியம்மாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"டாக்டர் என்ன செய்வான்? நார்மல்னு சொல்லுவான். காலாப் பிறந்தவங்க யாரையாவது கூட்டிட்டு வா. மிதிச்சா விட்டுரும்."

பிரசவத்தில் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் சுளுக்கும் விட்டுவிடும் என்று அவர்கள் பக்கம் நம்பிக்கை. ஊரில் என்றால் தெருவுக்கு ஒருவர் அகப்படுவார். தியாகராய நகரில் போய், நீங்கள் எந்தப் பக்கமாகப் பிறந்தீர்கள் என்று யாரைக் கேட்பது? தனபாலன் பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பார்த்து அவமானப்பட்டுத் திரும்பினான்.

இரண்டாம் நாளும் கட்டிலிலிருந்து முனகல் நிற்கவில்லை. இந்த வீட்டிலேயே ஒருத்தி காலால் பிறந்திருந்தால் தெருத்தெருவாக ஆள் தேட வேண்டாமே என்று பேச்சியம்மாள் புலம்பினாள். பிறகு தலையைத் திருப்பிச் சீதாவைப் பார்த்தாள்.

"உன்னைப் பெக்க உங்கம்மா ரொம்பப் பாடுபட்டாளாமே."

இந்த நேரத்தில்கூடத் தன் பிறந்த வீட்டைக் குத்திக்காட்ட வேண்டுமா என்று சீதாவுக்குச் சுருக்கென்றது. அகலமாக, வாகாக, குப்புறக் கிடந்த அந்த முதுகைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக் கோபம் குதிகாலுக்கு இறங்கிவந்தது.

"நான் காலாப் பிறந்தவதான் அத்தை," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று தனபாலன் வாயைப் பிளந்தான். நீங்கள் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் புடவையைக் கொசுவிச் செருகிக்கொண்டு கட்டிலில் ஏறினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இடது பாதத்தால் மூன்று தரம் மிதித்தாள். முதல் மிதி டானிக்குக்கு, இரண்டாவது எண்ணெய்க்கு, மூன்றாவது மீட்டர் என்ன விலை என்ற கேள்விக்கு. நியாயப்படி மூன்று மிதியும் புருஷனுக்குப் போயிருக்க வேண்டியவை, அவன் அம்மாவாகப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

பேச்சியம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள். மெல்லப் புரண்டாள். எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நின்று, குனிந்து, கீழே கிடந்த வெற்றிலைப் பெட்டியை எடுத்துக் காட்டினாள்.

தனபாலன் சந்தோஷத்தில், அப்படியானால் சமையலை ஆரம்பித்துவிடு, ஆட்கள் பசியோடிருக்கிறார்கள் என்றான். சீதாவுக்கு இடுப்பு கழன்று விழும் போல இருந்தது. ஒரு பொய் சொன்னவளுக்கு இன்னொன்று சொல்ல என்ன தயக்கம்?

"மிதிச்ச அன்னைக்கு நான் ஈரத்துல நிக்கக் கூடாது," என்றாள்.

இது என்ன புதுக்கதை என்று தனபாலன் வாயெடுக்கும் முன்பே பேச்சியம்மாளின் குரல் வந்தது. "ஆமா, நிக்கவே கூடாது. பாதத்துல ஈரம் பட்டா பலன் போயிரும். மத்தியானம் கால் நீட்டிப் படுக்கணும். அந்த நேரத்துல தலைமாட்டுல ஒருத்தரும் சத்தம் போடக் கூடாது."

கிழவியின் மூடநம்பிக்கைக்கு ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது சீதாவுக்கு. டாக்டர் சொல்லி நடக்காதது, கால் சொல்லி நடந்துவிட்டது. அன்று மத்தியானம் கடை ஆட்களுக்கு ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்தது. அவள் தூங்கினாள். வாசலில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்ததற்குத் தனபாலனே போய் அதட்டிவிட்டு வந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டாள்.

அத்தோடு நின்றிருந்தால் அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள். மறுநாள் காலை மீன்காரி கோவிந்தம்மா வந்தாள். அடையாறு ஊரூர்க் குப்பத்திலிருந்து தலையில் கூடையோடு நடந்தே வருகிறவள். வாசலில் நின்று உடம்போடு சேர்த்துத் திரும்பிப் பார்த்தாள்.

"கய்த்து புட்சிகினு இன்னியோட மூணு நாளும்மா. பின்னால பஸ் வந்தாகூட முய்சா திரும்பிகினுதான் பாக்குறேன். தலகாணிய வெயில்ல போட்டும் பாத்துட்டேன். நீ மிதிச்சா வுட்ருமாமே?"

மூன்று நாளில் கழுத்துப் பிடிப்பு தானாகவே விட்டுவிடும் என்பதும், அன்று மூன்றாம் நாள் என்பதும் சீதாவுக்குத் தெரியும். தோளில் லேசாகப் பாதத்தை வைத்து எடுத்தாள். மத்தியானம் கோவிந்தம்மாவின் கழுத்து திரும்பியது. திரும்பிய கழுத்தோடு அவள் அடையாறு முழுக்கத் திரும்பித் திரும்பிச் சொன்னாள்.

கூட்டம் வர ஆரம்பித்தது. தனபாலன் வியாபாரி அல்லவா? கடையின் பின்கட்டில் பெஞ்சு போட்டு, அதற்குப் போகிற வழி புடவைப் பிரிவைத் தாண்டித்தான் என்று ஏற்பாடு செய்துவிட்டான். புருஷனுக்கு முதுகு மிதிபடுகிற நேரத்தில் பெண்டாட்டி இரண்டு புடவை எடுத்தாள். மிதிக்குக் காசு கிடையாது, வாங்கினால் பலன் போய்விடும் என்று அதற்கும் பேச்சியம்மாளே ஒரு விதி சொன்னாள்.

சீதாவின் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. ஏறி இறங்கி ஏறி இறங்கி அவள் இடுப்பு போயிற்று. ஊரார் வலியெல்லாம் அவள் காலால் போக, அவள் வலி அவளோடு இருந்து இரட்டிப்பாகியது. தப்பிக்க வேண்டுமென்று விதிகளைக் கூட்டினாள். செவ்வாயும் வெள்ளியும்தான் மிதிப்பேன் என்றாள். கிடைப்பதற்கு அரிய கால் என்று பெயராகி, அந்த இரண்டு நாளும் சந்தே அடைத்துக்கொண்டது. மிதிப்பவள் ஆட்டுக்கல்லைத் தொடக் கூடாது என்றாள். தனபாலன் மறுபேச்சு இல்லாமல் ஒரு சமையற்காரரை வைத்தான். மாமியாரைப் பார்த்தால், ஒவ்வொரு விதிக்கும் முதல் ஆளாகத் தலையாட்டினாள்.

ஒருநாள் நகைக்கடை மாணிக்கவாசகம் வந்தார். அவர் கடை இரும்புப் பெட்டியும் அவரும் ஒரே அளவு. பெஞ்சு தாங்காதென்று தரையில் ஜமக்காளம் விரித்துப் படுக்கவைத்தார்கள். மேலே ஏறிய சீதாவுக்கு முழங்கால் விட்டுவிட்டது. நிலைதவறி அப்படியே அவர் முதுகில் பொத்தென்று உட்கார்ந்தாள். தெருமுனை வரைக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார் மனிதர். பிறகு எழுந்து நின்று, ஒரு வருஷப் பிடிப்பு விட்டது என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் உட்காரும் வைத்தியமே வேண்டும் என்று கேட்டார்கள்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்த மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் கங்காதரன் வந்தார். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவர், பேனாவோடு அப்படியே நின்றுவிட்டாராம். ஊசி போட்டும் சரியாகவில்லை, வீட்டில் நச்சரித்து அனுப்பிவிட்டார்கள். யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதென்று தலையில் துண்டு போட்டிருந்தார், ஆனால் கையில் டாக்டர் பையை எடுத்து வந்திருந்தார்.

சீதா அவர் முதுகில் பாதத்தை வைத்தாள். அழுத்தவில்லை. பக்கத்தில் நின்றிருந்த புருஷன் காதில் விழும்படி கேட்டாள்.

"டாக்டர், எனக்கு அந்த வியாதிதானா?"

"இருக்கலாம்னு அன்னைக்கே சொன்னேனேம்மா," என்றார் பெஞ்சுக்குள் முகம் புதைந்திருந்த டாக்டர்.

சீதா கொஞ்சம் அழுத்தினாள். "இருக்கலாமா, இருக்கா?"

"இருக்கு. அதேதான். சத்தியமா அதேதான். மெதுவாம்மா."

மருத்துவத்தில் அப்படி ஒரு பரிசோதனை உண்டா என்று தெரியாது. சீதாவுக்கு அது போதும். வெற்றியோடு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். தனபாலன் முகம் மலர்ந்துதான் இருந்தது. டாக்டரே நம்ம கடை தேடி மிதிபட வந்துவிட்டார் பார்த்தாயா என்று அவன் பூரித்துப் போயிருந்தான். டாக்டர் சொன்ன ஒரு வார்த்தைகூட அவன் காதில் ஏறவில்லை.

அன்றைக்குத்தான் சீதா ஒரு முடிவுக்கு வந்தாள். இவர்கள் என் வலியை நம்பப் போவதில்லை. காலைத்தான் நம்புவார்கள் என்றால் காலையே நம்பட்டும். எனக்கு வெந்நீர் கிடைக்கிறது, மத்தியானத் தூக்கம் கிடைக்கிறது, சாயங்காலம் பனகல் பார்க்கில் நாலு சுற்று மெதுவாக நடக்கிறேன், கால் சக்திக்கு நடை வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொன்னதெல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது. பொய்யென்றால் பொய்தான். உண்மையைச் சொன்னபோது மட்டும் என்ன மாலையா போட்டார்கள்? மிதிபட வரும் ஆட்களைப் பாதியாகக் குறைத்து, ஒருவருக்கு ஒரு மிதிதான் என்று விதி செய்தபிறகு இடுப்பும் கொஞ்சம் ஒத்துழைத்தது. ஒருநாள் காலை தலை வாரக் கையைத் தூக்கியபோது கை சொன்னபடி மேலே போயிற்று. கண்ணாடி முன் நின்று இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தாள், கண்ணில் நீர் வந்துவிட்டது.

அந்த நிம்மதியில் தனபாலன் கல்லைப் போட்டான். "தங்கபுஷ்பம் அத்தை நாளைக்குக் காலையில எழும்பூர்ல வந்து இறங்குதா. ரயில்ல உக்காந்து உக்காந்து இடுப்பு பிடிச்சிருக்கும். நம்ம வீட்டு வைத்தியத்தக் காட்டிருவோம்."

தங்கபுஷ்பம் தனபாலனின் அப்பாவோடு கூடப் பிறந்தவள். உடன்குடியே நடுங்கும் என்று பேச்சியம்மாள் சொன்ன அந்த மாமியாரின் மகள். கட்டிக்கொடுத்த இடமோ சீதா பிறந்த தெரு, அதனால் சீதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அவள் பெரியம்மா. பிரசவத்தின்போது சீதாவைக் கையில் வாங்கியவளே அவள்தான். "கருகருன்னு முடியோட உச்சந்தலைதான் முதல்ல தெரிஞ்சுது," என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்லி, சீதாவின் கூந்தலை இழுத்துக் காட்டுகிறவள்.

பொய் உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். சமையற்காரர் போவார், ஆட்டுக்கல் வரும். மத்தியானப் பாயைச் சுருட்டிவிடுவார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கலாம். கால் பொய் என்றால் வலியும் பொய்தானே என்பார்கள். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவள் வலிக்கிறது என்று வாயைத் திறக்க முடியாது. தலைவலி என்று படுத்துவிடலாமா என்று நினைத்தாள், அதையும் எவன் நம்புவான்?

மாமியாரிடம் போய், பெரியம்மா வருகிறார்களாமே என்றாள். வரட்டும், நல்லதுதான் என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் முக்காலியில் காலை மாற்றிவைத்துக்கொண்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பெட்டியும் கருப்பட்டிச் சிப்பமுமாகத் தங்கபுஷ்பம் வந்து இறங்கும்போதே சந்தில் வரிசை நின்றது. இதென்ன ரேஷன் கடையா என்று கேட்டாள். தனபாலன் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ப் பெஞ்சைக் காட்டி, சீதா காலால் பிறந்த கதையை, அவளைப் பெற்றெடுக்க உதவியவளுக்கே விலாவாரியாகச் சொல்லி முடித்தான். பெண்கள் மட்டும் இருக்கட்டும் என்று அவனைக் கடைக்கு அனுப்பிவிட்டாள் பேச்சியம்மாள். கதவு சாத்தப்பட்டது.

தங்கபுஷ்பம் சீதாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? காலாவா பிறந்தே?"

ஓடிப்போகக் கால் துடித்தது. ஆனால் எங்கே ஓடுவது, அந்த ஆட்டுக்கல்லுக்கா? சீதா நிமிர்ந்து நின்றாள். உலகத்திலேயே அந்தப் பொய்யைச் சொல்லக்கூடாத ஒரே ஆளின் கண்ணைப் பார்த்து அதைச் சொன்னாள்.

"ஆமா பெரியம்மா. நான் காலாத்தான் பிறந்தேன். எனக்கு மத்தியானம் படுக்கணும், ஈரத்துல நிக்கக் கூடாது. உடம்பு பூரா வலிக்குது. அதுக்கு என்ன இப்போ?"

கடைசியில் சொன்னது விதிகளில் சேராதது. அது தானாக வந்து விழுந்தது. பேச்சியம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள்.

தங்கபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பெஞ்சில் குப்புறப் படுத்தாள். ம், மிதி என்றாள். சீதா பாதத்தை வைத்தாள். அந்த மிதியை வாங்கிக்கொண்ட தங்கபுஷ்பம் முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள்.

"ஏன் பேச்சி, எங்கம்மா முதுகுல ஏறுறதுக்கு அன்னைக்கு நீ சொன்ன அதே பொய்ய இவ வாயிலயிருந்து வரவழைக்க, எத்தன நாளு முதுகுப் பிடிப்புன்னு படுத்துக் கிடந்தே?"